பெற்றோர் தன்னார்வலர் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தாளாளர், முதல்வர், ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளுக்காக வந்திருக்கும் தாத்தா பாட்டிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் பட்டியலை அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம்; பெயர் விடுபட்டிருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

இந்த ஆண்டு நிறையப் புதுமுகங்கள் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டில் திறந்தன. அன்று ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் அதற்கு முன் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. எழுத்துக் கூட்டத் தடுமாறினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சமயத்தில், தன்னார்வலர்கள் வீட்டருகே வந்து சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தது. நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு சில தாய்மார்கள் மதிய இடைவேளையில் கதைப் புத்தகங்களோடு நூலகத்தில் வந்து அமர்ந்தார்கள். நம் சங்கத்துக்கு அதுதான் தொடக்கம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற சுயநிதிப் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே நாம் விருப்பப்பட்டுக் கூடியவர்கள். அப்படிப்பட்ட சங்கத்தில் யாரால் வர முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீண்ட நாள் நம் கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு நடந்தது. சுற்றறிக்கை ஆங்கிலத்தில் போனது. பகலில் வீட்டில் இருப்பவர்களும், ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் பேசுபவர்களும் மட்டுமே வந்தார்கள். லேத் பட்டறைக்கும் மில் ஷிப்டுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்?

இந்த ஆண்டு மூன்று மாற்றங்கள் செய்தோம். கூட்டத்தை இரண்டாம் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மாற்றினோம். சுற்றறிக்கையைத் தமிழில் எழுதினோம். படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினோம். அப்புறம், “தன்னார்வலராக வாருங்கள்” என்று பொதுவாக அழைப்பதை விட்டுவிட்டு, “மாதம் ஒரு மணி நேரம், இன்ன வேலை” என்று கேட்கத் தொடங்கினோம். ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்கத் தயங்கியவர்கள் ஒரு மணி நேரத்துக்குத் தயங்கவே இல்லை. வெல்டிங் வேலை தெரிந்த ஒரு அப்பா, சைக்கிள் ஸ்டாண்டின் உடைந்த கம்பிகளை ஒரு ஞாயிறு காலையில் சரிசெய்து கொடுத்தார். ஒரு பாட்டி வெள்ளிதோறும் வந்து கொங்குத் தமிழில் கதை சொல்கிறார். அவருடைய கதை நாளில் யாரும் விடுப்பே எடுப்பதில்லை என்று இரண்டாம் வகுப்பு ஆசிரியை சொன்னபோது மனது நிறைந்தது. சந்தா 100 ரூபாயாகவே தொடர்கிறது. கட்ட இயலாதவர்களும் முழு உறுப்பினர்களே.

வாசிப்பு நேரத்துக்கு இந்த ஆண்டு விதிகளை எழுதி வைத்தோம். தன்னார்வலர் யாரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. கைபேசியில் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா வகுப்பறைகளிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. “எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?” என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தது 2004 ஜூலை 16. அந்த நாளையே நம் பாதுகாப்புப் பார்வை நாளாக வைத்துக்கொண்டோம். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து எல்லாத் தளங்களையும் நடந்து பார்த்தோம். மாடிப்படியின் கீழே அடுக்கியிருந்த பழைய பெஞ்சுகளை நிர்வாகம் மறுநாளே அகற்றியது. பள்ளி நேரத்தில் பின்பக்க கிரில் கதவைப் பூட்டுவதில்லை என்றும் முடிவானது. பேருந்துகளை ஆண்டுதோறும் மே மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆய்வு செய்கிறது. 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு வந்த சிறப்பு விதிகளை நம் பேருந்துக் குழு அச்சிட்டு வைத்திருக்கிறது. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், உதவியாளர் எல்லாம் இருக்கின்றனவா என்று பேருந்தில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்க்கும் 25 சதவீத இடஒதுக்கீட்டுச் சேர்க்கை, ஒன்றிய அரசின் நிதி வராத இழுபறியால் இந்த முறை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பல குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தன. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வீடு 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் போன்றோருக்கு வருமான வரம்பு இல்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. நம் உதவி மேசையில் இருந்தவர்கள் வருமானச் சான்றுக்காக இ-சேவை மையம் வரை கூடவே போனார்கள். இந்தப் பெற்றோர் இன்று வகுப்புப் பிரதிநிதிகளாகவும் இருக்கிறார்கள். இந்த ஆண்டின் எல்லா வேலைகளிலும் எனக்கு மிகவும் பெருமை தருவது இதுதான்.

விளையாட்டு விழா, ஆண்டு விழா, பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நன்றாக நடந்தன. நீர்மோர்ப் பந்தல் போட்டவர்களுக்கு நன்றி.

ஒரு கேள்வி ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தது. பள்ளி சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்துவிடுகிறோமா? நியாயமான கேள்வி. நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் ஓர் எல்லை வகுத்தோம். விடைத்தாள் திருத்துவது, தேர்வு அறையைக் கண்காணிப்பது, பாடம் நடத்துவது நம் வேலை இல்லை. நன்கொடை வசூலும் நம் வேலை இல்லை. கட்டண நிர்ணயக் குழு நமக்கு நிர்ணயித்த கட்டணம் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டோம். இப்போது வாசலிலேயே பலகையாக இருக்கிறது.

வரும் ஜூனுக்குள் இரண்டு வேலைகள் பாக்கி. சத்தி ரோடு வாசலில் காலை நேரப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வியாழக்கிழமைக்கு மட்டும் ஆள் இல்லை. எல்கேஜி வகுப்புகளுக்கு இன்னும் பிரதிநிதிகள் வேண்டும். கையெழுத்துப் புத்தகம் மேசையில் இருக்கிறது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம்.

செயலாளர்