பிறை என்றால் மதப் பத்திரிகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரபு இலக்கிய இதழ்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் கெய்ரோவின் 'அல்-ஹிலால்' இதழை "இஸ்லாமிய மத இதழ்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதுதான் உறுத்துகிறது. ஹிலால் என்றால் பிறை. பெயரை வைத்துச் சொல்லியிருப்பார் கட்டுரையாளர். அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பைண்டு செய்த பழைய தொகுதி ஒன்றைப் பயபக்தியோடு புரட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து எங்கள் ஆசிரியர் ஹஜ்ரத் சிரித்தார்: "ஏம்பா, இதை ஆரம்பிச்சவரு கிறிஸ்தவருப்பா."

அவர் ஜுர்ஜி ஸைதான். 1861-ல் பெய்ரூத்தில் பிறந்தவர். அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பையனும் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் நின்றான். பிறகு தானாகவே படித்து, மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்தார். 1882-ல் அங்கே பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினைப் பாராட்டிப் பேசிய பேராசிரியர் ஒருவருக்கு வேலை போக, மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் களேபரத்தோடு ஸைதானின் மருத்துவப் படிப்பும் அங்கே முடிந்தது. எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பகுதிகளை அப்போது ஆண்ட துருக்கியின் உதுமானியப் பேரரசுடைய தணிக்கைக்குத் தப்பி அங்கே வந்த லெபனான், சிரியாக்காரர்கள் அப்போது நிறைய.

1892 செப்டம்பரில் ஹிலால் முதல் இதழ் வந்தது. ஏன் இந்தப் பெயர் என்று அதிலேயே அவர் காரணம் சொல்லியிருக்கிறார்: உதுமானியப் பேரரசின் சின்னம் பிறை, இதழ் பிறையைப் போல மாதம் ஒருமுறை தோன்றும், பிறை முழுநிலவாவதுபோல இதுவும் வளரட்டும். மதம் எங்கே வந்தது?

வரலாறு, மொழி, சமூகம், அறிவியல் எல்லாம் அதில் உண்டு. ஆளை இழுத்தது தொடர்கதை. இஸ்லாமிய வரலாற்றை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார் ஸைதான். பெரும்பாலானவை ஹிலாலில் தொடராக வந்தவை. நம்மூரில் தொடர்கதை படிக்க அடுத்த வாரப் பத்திரிகைக்காகக் கடை வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவைக்காக வரலாற்றை வளைக்கிறார் என்று அன்றே சிலர் திட்டினார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு என்பேன்.

கட்டுரையாளர் முக்கியமாகத் தவறவிட்டது 1910-ல் நடந்ததை. எகிப்தியப் பல்கலைக்கழகம் இஸ்லாமிய வரலாறு கற்பிக்க ஸைதானை அழைத்தது. இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதி முடித்திருந்தவர் அவர். ஆனாலும் கிறிஸ்தவர் இதைக் கற்பிப்பதா என்று எதிர்ப்பு கிளம்ப, அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பத்திரிகையைத்தான் நாம் மத இதழ் என்கிறோம்!

1914-ல் அவர் இறந்தபின் மகன்கள் நடத்தினார்கள். 1960-ல் எகிப்து அதிபர் நாசரின் அரசு அதை நாட்டுடைமையாக்கியது. மற்ற அரபு இதழ்களில், 1876-ல் தொடங்கிய 'அல்-முக்ததஃப்' 1952-லும், 1933-ல் தொடங்கிய 'அர்-ரிஸாலா' 1953-லும் நின்றுபோயின. ஹிலால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது.

ஒரு திருத்தம் போட்டால் போதும். அப்புறம், ஹிலாலில் வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. கடிதம் எழுதியே பழகிய எனக்கு அதுதான் பிடித்த பக்கம். அதைப் பற்றியும் கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
திருச்சி