டெர்பி பை: ஒரு கட்டி வெண்ணெய் என்பது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தையொட்டிச் சென்ற வாரச் சமையல் பக்கத்தில் வந்த 'டெர்பி பை' (மாவு ஓட்டுக்குள் சாக்லேட்டும் வால்நட்டும் வைத்துச் சுடும் அமெரிக்க இனிப்பு) குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. (தலைப்பில் 'பை' என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்ததால், கைப்பை விளம்பரம் என்று தாண்டிப் போனவர்களும் இருப்பார்கள்.)

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'வெண்ணெய் ஒரு கட்டி' என்று அச்சாகியிருக்கிறது. அமெரிக்கர்கள் வெண்ணெயை 'ஸ்டிக்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டிக் 113 கிராம். நம் ஊர்க் கடையில் பெரிய கட்டி 500 கிராம். அதை முழுதாக உருக்கி ஊற்றினால் பை வேகாது, வெண்ணெயில் மிதக்கும்.

அடுத்து, கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகும் பீக்கன் பருப்பும் சேர்த்து, மைதாவை விட்டுவிட்டீர்கள். அது சாக்லேட் போட்ட பீக்கன் பை. ருசியில் குறையில்லை, ஆனால் வேறு பண்டம். பீக்கன் பையில் பாகும் முட்டையும் சேர்ந்து கஸ்டர்டு போல இறுகும். டெர்பி வகைக்குப் பாகு வேண்டாம். மைதாவும் முட்டையும் பிடித்துக்கொள்ள, பிரௌனி மாதிரி மேலே மெல்லிய ஓடு கட்டி, உள்ளே குழைவாக நிற்கும். பருப்பு வால்நட்தான். பீக்கன் இங்கேயே, தென்னாப்பிரிக்காவின் வால்ஹார்ட்ஸ் பக்கம், விளைகிறது என்பதால் மாற்றியிருப்பீர்கள். ஆனால் வால்நட் தோலின் துவர்ப்புதான் இத்தனை இனிப்பையும் திகட்டாமல் வைக்கிறது. பீக்கனே போடுவதானால் சர்க்கரையில் 30 கிராம் குறையுங்கள். போர்பன் விஸ்கி பிறர் சேர்த்துக்கொண்டது. இல்லாவிட்டால் ஒன்றும் கெடாது.

'நூறாண்டுப் பழைய பந்தயத் திடல் பலகாரம்' என்று எழுதியதும் சரியல்ல. பழையது பந்தயம்தான்: அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி 1875-இல் தொடங்கியது, கிரேவில் திடலில் நடக்கும் நம் டர்பன் ஜூலை பந்தயம் 1897-இல். பை பிறந்தது 1950-களில், கென்டக்கியில் பிராஸ்பெக்ட் என்ற ஊரின் மெல்ரோஸ் இன் விடுதியில். ஜார்ஜ் கெர்ன் தம் பெற்றோருடன் சேர்ந்து உருவாக்கினார். பெயரில் குடும்பத்துக்குள் ஒத்துவராமல், தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்களாம். அந்தப் பெயர் 1968-இல் வணிகக் குறியாகப் பதிவானது. அனுமதியின்றிப் பயன்படுத்தியவர்கள்மீது, பத்திரிகைகள் உட்பட, கெர்ன் குடும்பத்தின் நிறுவனம் வழக்குப் போட்டிருக்கிறது. அசல் செய்முறை ரகசியம். கீழே உள்ளது அந்த வகையில் வீடுகளில் செய்யப்படுவது.

23 சென்டிமீட்டர் தட்டுக்கு: அடியில் விரிக்கும் மாவு ஓட்டுக்கு மைதா 180 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 110 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. பிசையக் கூடாது, உதிரியாக்கிச் சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தேய்த்துத் தட்டில் விரிக்க வேண்டும். உள்ளே வைக்க முட்டை 2, சர்க்கரை 200 கிராம், மைதா 60 கிராம், உருக்கிய வெண்ணெய் 113 கிராம், வறுத்து நொறுக்கிய வால்நட் 110 கிராம், சாக்லேட் சிப்ஸ் 170 கிராம், வனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. மைதாவையும் சர்க்கரையையும் கலந்து முட்டையை அடித்து ஊற்றி, பிறகு வெண்ணெய், கடைசியில் மற்றவை. 175 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம். ஓரம் இறுகி நடு லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும். இரண்டு மணி நேரத்துக்கு முன் வெட்டினால் ஒழுகும், அதற்கு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலருக்கும் பிசகுவது வெண்ணெயின் சூட்டில்தான். உருக்கிய கையோடு ஊற்றினால் சிப்ஸ் கரைந்து மொத்தமும் சேற்று நிறமாகிவிடும். முட்டையும் ஆங்காங்கே திரிந்து வெந்துவிடும். விரல் விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை பொறுக்க வேண்டும். சாக்லேட்டையும் பார்த்து வாங்குங்கள். கேக் மேல் ஊற்ற விற்கும் மலிவு வகையில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். வாயில் மெழுகு ஒட்டியது போல நிற்கும். அடி மாவு பச்சையாக நின்றால், அடுப்போடு சேர்த்துச் சூடாக்கிய இரும்புத் தட்டின்மேல், கீழ்த் தட்டில் வைத்துச் சுடுங்கள். டர்பன் கோடைப் புழுக்கத்தில் வால்நட் சீக்கிரம் சிக்கடிக்கும். ஃப்ரீசரில் வைப்பதே நல்லது.

இதில் முட்டைதான் பிணைப்பு, அதனால் புரட்டாசி விரத வீடுகளுக்கு இது ஆகாது. அந்த வரியையும் சேர்த்திருக்கலாம்.

மற்றதற்கு இடமில்லை என்றாலும், வெண்ணெய் 113 கிராம் என்ற திருத்தத்தையாவது பந்தயச் சனிக்கிழமைக்கு முன் வெளியிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
அடுமனைப் பயிற்சியாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த்