வரையாடு இல்லாத மூணாறு பேக்கேஜ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோன், வாட்ஸ்அப், உங்கள் வடபழனி கிளை என்று எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். "தனித்தனியா புக் பண்றதைவிட மலிவு மேடம்" என்று உங்கள் ஆட்கள் அடித்துச் சொன்னதை நம்பி உங்கள் மூணாறு, ஆலப்புழை சுற்றுலா பேக்கேஜுக்கு 64,000 ரூபாய் கட்டினோம். எதைவிட மலிவு?

போனது பிப்ரவரியில். உங்கள் பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள் காலை, "இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் பூங்காவை வருடா வருடம் மூடிவிடுவார்கள். மூணாறு டீக்கடைக்காரருக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. மூணாறை விற்றுப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் விற்றிருக்கிறீர்கள். பூட்டிய கேட்டின் முன்னால் நின்று உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினால், அந்தத் தம்பி சொல்கிறார்: "ஆடு குட்டி போட்டா நாங்க என்ன மேடம் பண்றது?" ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மாமியாரும் பிள்ளைகளும் கேட்டார்கள். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

சரி, கணக்குக்கு வருகிறேன். மூணாறு போக ஆலுவா வரை ரயிலில் போட்டது ஸ்லீப்பர் டிக்கெட். ஸ்லீப்பருக்கு ஜிஎஸ்டியே கிடையாது. நீங்களோ மொத்தத் தொகைக்கும் 5 சதவீதம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் கூடுதல் படுக்கைக்குக் காசு வாங்கிவிட்டு ஒரு மெத்தைதான் கொடுத்தார்கள். மாட்டுப்பட்டி அணைப் படகுக்கு எங்கள் கைக்காசு. அறை வாடகையை ரிசப்ஷனிலும், கார் வாடகையை ஓட்டுநரிடமும், ஆலப்புழைப் படகு வீட்டின் வாடகையைப் படகுக்காரரிடமும் நானே கேட்டு எழுதிக்கொண்டேன். ரயிலையும் சேர்த்துக் கூட்டினால் 49,000 தாண்டவில்லை. ஓட்டுநர் அண்ணனை ஒன்றும் சொல்லமாட்டேன், தங்கமான மனிதர். ஆனால் வழியெல்லாம் மசாலாக் கடை, சாக்லேட் கடை என்று நிறுத்தச் சொன்னது நீங்கள்தானாம்.

ஆலப்புழையில் "ஒரு முழு நாள் படகு வீடு" என்றீர்கள். பகல் பன்னிரண்டுக்கு ஏற்றினார்கள், சாயங்காலம் ஐந்தரைக்குக் கரையில் கட்டிவிட்டார்கள். இரவில் மீனவர்கள் வலை போடுவார்கள், அதனால் ஓட்டக்கூடாதாம். நியாயம்தான், அதை முன்னாலேயே சொல்வதற்கு என்ன? ஒன்பது மணிக்குத்தான் ஏசி போடுவார்கள் என்பதும் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை கொசுவும் புழுக்கமும். மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பில்களை எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வந்தேன். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று மூன்றரை மணிவரை உட்கார வைத்துவிட்டு, "இது கேரளா வெண்டர் விஷயம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் பணம் கட்டியது வெண்டருக்கா, உங்களுக்கா? அத்தனை நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் மாட்டியிருந்த மூணாறு போஸ்டரைத்தான். அதில் பாறைமேல் கம்பீரமாக நிற்பது வரையாடு! தமிழ்நாட்டின் மாநில விலங்கைக் காட்டி வியாபாரம் செய்துவிட்டு, அது குட்டி போட்டால் கேலி பேசுகிறீர்கள்.

தயவுசெய்து எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்த பில்லை அனுப்புங்கள். கூடுதலாக வாங்கிய 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். என் குடும்பத்தின் ஒரு வருட சந்தோஷமே போய்விட்டது, அதற்கு ஈடாக ஒரு லட்சம் கேட்டாலும் தப்பில்லை. 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. நீங்களாகவே நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் மகிழ்ச்சி.

பதில் எழுத்தில் வரட்டும். அந்தத் தம்பியை மட்டும் எனக்கு ஃபோன் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்