பகடையை எப்போது உருட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பலகை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பகடையோ சீட்டோ இருந்தால் அங்கே அறிவுக்கு வேலையில்லை, சதுரங்கம் மாதிரி எல்லாம் கண்முன்னே இருக்கும் ஆட்டத்தில் ஜெயிப்பதுதான் ஜெயிப்பு என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆறு வருடமாக ஓய்வு நேரத்தில் விளையாட்டுகளை வடிவமைத்து வருபவன் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்த முதல் விளையாட்டில் கோட்டையைப் பிடிக்க வேண்டும். தாக்குவது என்று முடிவு செய்தபின் பகடை உருட்ட வேண்டும். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் கோட்டை கிடைக்கும். என் அண்ணன் மகன் ஐந்து சுற்று பொறுமையாகக் காய் சேர்த்துத் தாக்கினான். ஒன்று விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் ஒரே ஒரு விதியை மாற்றினேன். சுற்று தொடங்கும்போதே நான்கு பகடைகளையும் உருட்டி நடுவில் வைத்துவிடுவோம். ஆளுக்கொன்றாக எடுத்து, எந்த எண்ணை எதற்குச் செலவிடுவது என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றும் அவன் தோற்றான். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தப்பா, அந்த மூணை நான் எடுத்திருக்கணும்" என்றான். பகடை அதேதான், அது விழும் நேரம்தான் மாறியிருந்தது.

முடிவெடுத்த பிறகு உருட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அதில் கூட்டுத்தொகை ஏழாக ஆறு விதங்களில் வரும், பன்னிரண்டாக ஒரே ஒரு விதத்தில்தான் வரும். இது தெரிந்தவர் பன்னிரண்டை நம்பி எல்லாவற்றையும் வைக்கமாட்டார். என்ன விழும் என்று தெரியாவிட்டாலும் எது எத்தனை தடவை விழக்கூடும் என்று தெரிகிறதே, அதுவும் அறிவுதானே?

எல்லாவற்றையும் வெளிப்படையாக வைப்பதிலும் சிக்கல் உண்டு. என் இரண்டாவது விளையாட்டில் புள்ளிகளை எல்லோரும் பார்க்கலாம். பாதி ஆட்டத்திலேயே ஜெயிப்பது யார் என்று தெரிந்துவிட்டது, மீதி நேரம் கடமைக்கு ஆடினோம். சரி என்று புள்ளிச் சீட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கும்படி மாற்றினேன். "எதை வச்சு யோசிக்கிறது?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் கேட்டது நியாயம். கடைசியில், எடுக்கும் சீட்டை ஒரு தடவை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கவிழ்க்க வேண்டும் என்று வைத்தேன். கவனித்தவருக்கு நினைவிருக்கும், கவனிக்காதவர் ஊகிக்க வேண்டும். அப்புறம் யாரும் பாதியில் அலைபேசியை எடுக்கவில்லை.

சதுரங்கத்திலும் தெரியாதது இல்லாமல் இல்லை. காய்கள் தெரியும், எதிராளியின் திட்டம் தெரியாது. எல்லா நகர்த்தல்களையும் கடைசிவரை கணக்கிட மனிதரால் ஆகாது. அப்படிக் கணக்கிட்டு முடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போடுகிற ஆட்டமே சாட்சி. தெரிந்த இருவர் ஆடினால் எப்போதும் சமன்தான். கட்டப் பலகையில் வட்டக் காய்களை நகர்த்தி ஆடும் செக்கர்ஸ் ஆட்டமும் பிழையின்றி ஆடினால் சமனில்தான் முடியும் என்று 2007இல் கணினியால் நிறுவிவிட்டார்கள்.

கட்டுரையாளர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சதுரங்கத்தில் டீப் புளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை 1997இல் வென்றது. இருவர் ஆடும், பந்தயத்துக்கு வரம்பில்லாத போக்கர் சீட்டாட்டத்தில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது 2017இல்தான். அதுவும் 1,20,000 ஆட்டங்கள் ஆடி. பணம் வைத்து ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எதிராளியின் கையில் என்ன சீட்டு என்று தெரியாமல் முடிவெடுப்பது அறிவுக்கு வேலையில்லாத காரியம் என்றால், கணினிக்கு மேலும் 20 வருடம் பிடித்திருக்குமா?

உங்கள் இணைப்பில் புது விளையாட்டுகளை அறிமுகம் செய்யும்போது எத்தனை பேர் ஆடலாம், எந்த வயதினர் ஆடலாம் என்று போடுகிறீர்கள். அதோடு, அதிர்ஷ்டம் முடிவெடுப்பதற்கு முன் வருகிறதா பின் வருகிறதா, எது யாருக்கு மறைந்திருக்கிறது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துப் போடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்