வேன்காரர் கேட்கிற மூவாயிரம்

அன்புள்ள நைனாவுக்கு,

உங்க லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு. கோவிச்சுக்காதீங்க. இங்க குளிர் மட்டும்தான், வேற குறையில்ல.

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கத்துலயே இருந்தும் நமக்கு ஏன் டீசல் மலிவில்லன்னு கேட்டிருந்தீங்க. அங்க சுத்திகரிக்கிற கச்சா எண்ணெயில பெரும்பகுதி கப்பல்ல வர்றது, டாலர்ல வாங்குறது. அதுக்கு மேல மத்திய கலால் வரி, மாநில வாட், பங்க் கமிஷன். பக்கத்துல இருக்கிறதால மிச்சமாகிறது லாரி வாடகை மட்டும்தான். நான் இருக்கிற இங்கிலாந்துலயும் வரிதான் பெருசு. 2022 மார்ச்சுல 5 பென்ஸ் குறைச்சு, லிட்டருக்கு 52.95 பென்ஸ் தீர்வைன்னு வச்சாங்க. அந்தத் தீர்வைக்கும் சேர்த்து 20 சதவீதம் வாட்! வரிக்கு வரி.

வேளாங்கண்ணி வேன் விஷயம். டீசல் 5 ரூபா ஏறிச்சுன்னு 3,000 கூட கேட்டா ஒத்துக்காதீங்க. தண்டையார்பேட்டையிலேர்ந்து போக வர சுமார் 650 கிலோமீட்டர். ஏசி டெம்போ டிராவலர் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தா 65 லிட்டர். ஏத்தம் 325 ரூபாதான். பதிமூணு பேர்னா தலைக்கு 25. மிச்சமெல்லாம் திருவிழா கிராக்கி. ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் அப்படித்தான் கேப்பாங்க, டீசல் இறங்கினாலும்.

கிலோமீட்டரை வண்டி நிறுத்துற ஷெட்லேர்ந்து கிளம்பி திரும்ப ஷெட் வர்ற வரைக்கும் எண்ணுவாங்க. அதனால தாம்பரம் வண்டி வேணாம், நம்ம ஏரியா வண்டியா பாருங்க. ஒரு நாளைக்குக் குறைஞ்சது எத்தனை கிலோமீட்டர்னு கணக்கு, பேட்டா, டோல், பார்க்கிங் யார் தலையில, எல்லாம் முன்னாடியே பேசிடுங்க. நிறுத்தின வண்டியில ஏசி ஓடினாலும் டீசல் எரியும். ராத்திரி டிரைவர் ஏசி போட்டுத் தூங்கினா மைலேஜ் கணக்கு உதைக்கும். கிளம்பும்போது டயர் காத்து பார்க்கச் சொல்லுங்க, குறைஞ்சா டீசல் கூட குடிக்கும். எங்க எதிர்வீட்டுக் கிழவர் ஞாயித்துக்கிழமை தவறாம நாலு டயரையும் அளந்து நோட்டுல எழுதுவார். வண்டியை எடுக்கிறது என்னவோ மாசத்துக்கு ரெண்டு தடவை.

அம்மாவுக்கு முட்டி வலின்னா எழும்பூர்லேர்ந்து காரைக்கால் போற ராத்திரி ரயில்ல நாகப்பட்டினம் போயிடலாம். பங்க்ல விலை ஏறினா ரயில் சார்ஜ் மறுநாளே ஏறாது.

டிசம்பர்ல வரலைன்னு சின்னக்காவுக்கு வருத்தமாமே. விமானச் செலவுல கால்வாசிக்கு மேல எண்ணெய். பல விமானக் கம்பெனிங்க மாசக்கணக்குல முன்னாடியே எண்ணெய்க்கு விலை பேசிடறதால, கச்சா இறங்கினாலும் டிக்கெட் உடனே இறங்காது. டிசம்பர்ல கூட்டம் வேற. இங்கேர்ந்து கிளம்பறதுக்குன்னே தனி வரி, 2025 ஏப்ரல்ல 90 பவுண்ட் ஆக்கினாங்க. பிப்ரவரியில பார்க்கலாம், டிக்கெட்டுக்காகத்தான்.

பங்க் பக்கம் போனா அந்த வாசனையில எண்ணூர் ஹைரோடு டேங்கர் வரிசை ஞாபகம் வருது, அதுக்கப்புறம் மொட்டைமாடியில அம்மா காயவைக்கிற கருவாடு. சரி, அது கிடக்கட்டும்.

இந்த மாசப் பணம் நாலு நாள் தள்ளி வரும், பேங்க் லீவு. வீட்டு வரி ரசீதை பெரியம்மா கிட்டேர்ந்து வாங்கி வைங்க. தம்பி ஆட்டோவுக்கு சிஎன்ஜி கிட் போடறேங்கிறான். ஆர்சி புக்குல எரிபொருள் மாத்தி எழுதாம ஒரு பைசா கொடுக்க வேணாம்னு சொல்லுங்க.

உங்க மகன்