ஈடிபஸும் பென்தியஸும்: வசந்தாவுக்கு ஒரு பதில்

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது, மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. குழந்தை பகலில் உன்னிடம்தான் இருப்பான் போலிருக்கிறது. முதுகைப் பார்த்துக்கொள், தூக்கி வைத்துக்கொண்டே நடக்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து விடுவது என் வேலை. அதற்கு நடுவில், ஓய்வு பெற்றால் செய்ய வேண்டும் என்று வைத்திருந்த காரியத்தைத் தொடங்கிவிட்டேன்: கிரேக்கத் துன்பியல் நாடகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் படிக்கிறேன்.

அதைச் சொன்னதற்குத்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். சோஃபக்ளீஸின் நாடகத்தில் தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணக்கும் தீப்ஸ் நகரத்து அரசன் ஈடிபஸை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் படித்த விதம் இலக்கியக்காரர்களுக்கு ஏன் கசக்கிறது என்று. மனநல மருத்துவராக எத்தனையோ பேரின் பேச்சைக் கேட்டவள் நீ. அதில் உண்மை இருக்கிறது என்று நீ சொன்னால் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என் பதில் நாடகத்துக்கு நாடகம் மாறுகிறது. ஈடிபஸ் விஷயத்தில் ஃப்ராய்டின் புகழ்பெற்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்திலோ, உளப்பகுப்பாய்வு போல வேறெதுவும் எனக்குக் கண்ணைத் திறக்கவில்லை.

முதலில் ஈடிபஸ். ஃப்ராய்டுக்கு இந்த நாடகம் மேல் இருந்த பிரியம் பழையது. 1873-இல் பள்ளி இறுதித் தேர்வில் கிரேக்கத் தாளில் அவருக்கு வந்ததே இதிலிருந்து 33 வரிகள்தான். அப்பா இறந்த மறுவருடம், 1897 அக்டோபர் 15 அன்று நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், தாய் மேல் காதலும் தந்தை மேல் பொறாமையும் தனக்குள்ளும் இருந்ததைக் கண்டதாகச் சொல்லி, இந்த நாடகம் நம்மைப் பிடித்து உலுக்குவதற்குக் காரணம் இதுதான் என்கிறார். பிறகு கனவுகளைப் பற்றிய புத்தகத்தில் அதையே வாதமாக விரிக்கிறார். விதியை வைத்து எழுதிய நவீன நாடகங்கள் நம்மைத் தொடுவதில்லை, இது மட்டும் தொடுகிறது, ஆகவே இதன் கருப்பொருள் நமக்குள் இருக்கும் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம்.

பாரிஸில் கிரேக்கப் புராணங்களை ஆராய்ந்த ழான்-பியர் வெர்னான் 1967-இல் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். நாடகம் நம்மை உலுக்குவது அந்த ஆசைக்குச் சாட்சி. அந்த ஆசை நாடகம் உலுக்குவதற்குக் காரணம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, வெளியிலிருந்து ஆதாரம் எதுவும் இல்லை. அஜாக்ஸ், ஃபிலொக்டேட்டஸ், பாரசீகர்கள் என்று தாயும் தந்தையும் சம்பந்தப்படாத நாடகங்களும் நம்மைக் கலங்கடிக்கின்றனவே, அவற்றுக்கு என்ன சொல்வது? இதைவிடக் கூர்மையான கேள்வி அடுத்தது. ஈடிபஸ் அம்மா என்று அறிந்து வளர்ந்தது யாரை? கொரிந்து அரசி மெரொபியை. அப்பா என்று அறிந்தது அவள் கணவன் பாலிபஸை. பிறந்து மூன்று நாள் ஆவதற்குள் கணுக்காலைப் பிணைத்துத் தூக்கிப் போடப்பட்ட குழந்தை அவன். பெற்ற தாய் யொகாஸ்தாவின் மடியில் அவன் வளரவே இல்லை. குழந்தைப் பருவத்துப் பாசம் ஆசையாக மாறியது என்றால் அது மெரொபி மேல் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அவளை விட்டுத்தான் அவன் ஓடிப்போகிறான். யொகாஸ்தாவைக் கட்டிக்கொண்டதும் ஆசைப்பட்டு அல்ல. தீப்ஸை வாட்டிய ஸ்பிங்க்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்ததற்கு ஊர் அவனுக்குக் கொடுத்த பரிசு அவள்.

அப்புறம் நீ மேற்கோள் காட்டியிருந்த யொகாஸ்தாவின் வார்த்தை. 'எத்தனையோ ஆண்கள் கனவில் தாயோடு படுத்திருக்கிறார்கள், அதைப் பொருட்படுத்தாதவனே நிம்மதியாக வாழ்கிறான்' என்கிறாளே, அது. ஃப்ராய்டும் இதையே பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் காலத்து ஏதென்ஸ்காரன் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று பார்க்க கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸிடம் ஒரு அருமையான கதை இருக்கிறது. கி.மு. 490, பாரசீகப் படை மாரத்தானில் கரையிறங்குவதற்கு முந்தைய இரவு. ஏதென்ஸிலிருந்து துரத்தப்பட்ட பழைய சர்வாதிகாரி ஹிப்பியாஸ், பாரசீகப் படைக்கு வழிகாட்டியாக வந்திருக்கிறான். தாயோடு படுத்திருப்பதாகக் கனவு காண்கிறான். விழித்ததும் அவனுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. தாய் என்றால் தாய்மண். நாடு திரும்பி, ஆட்சியை மீட்டு, முதுமையில் அங்கேயே கண்மூடுவோம் என்று சந்தோஷப்படுகிறான். மறுநாள் பலமாகத் தும்மியதில் ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று மணலில் விழுந்துவிடுகிறது. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இந்த மண்ணில் எனக்குரிய பங்கை என் பல் வாங்கிக்கொண்டுவிட்டது என்று பெருமூச்சு விடுகிறான். அவர்களுக்குக் கனவு இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. மனநல மருத்துவர்களான உங்களுக்குக் கனவு நடந்துபோனதைச் சொல்கிறது. யொகாஸ்தாவின் வாக்கியத்தை ஃப்ராய்டின் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

இந்த ஆசை உலகம் முழுக்க இருக்கிறதே என்று நீ சொல்லலாம். கதைகள் இருக்கின்றன, உண்மைதான். ஏ.கே. ராமானுஜன் ஒரு கன்னட நாட்டுப்புறக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். மகனையே மணந்து அவனுக்கே பிள்ளை பெறுவாய் என்று தலையில் எழுதப்பட்ட பெண், அதிலிருந்து தப்பக் காட்டுக்குப் போகிறாள், தப்ப முடிவதில்லை. கடைசியில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையை மகனே, பேரனே, கணவனின் தம்பியே என்று தாலாட்டிவிட்டுத் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அந்தக் கதையில் துயரம் முழுவதும் தாயினுடையது. மகன் என்ன உணர்ந்தான் என்பது அங்கே பேச்சே இல்லை. ஒரே முடிச்சு இரண்டு இடங்களில் இருப்பதாலேயே ஒரே மனசு இரண்டிலும் பேசுகிறது என்று ஆகிவிடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஃப்ராய்டை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் அதே புத்தகத்தில் அவர் போகிற போக்கில் சொல்லும் ஒன்று. இந்த நாடகத்தின் செயல் முழுவதும், உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வெளிக்கொண்டு வருவதுதான். அது உளப்பகுப்பாய்வின் வேலையை ஒத்தது என்கிறார். ஆசையைப் பற்றி அவர் சொன்னது உலகப் புகழ் பெற்றுவிட்டது. உண்மை வெளிவரும் விதத்தைப் பற்றிச் சொன்ன இது யார் கண்ணிலும் அவ்வளவாகப் படவில்லை. எனக்கு இதுதான் பொன்.

பாரேன். தீப்ஸின் பழைய அரசரும் யொகாஸ்தாவின் முதல் கணவருமான லாயஸைக் கொன்றவனை ஈடிபஸ் தேடுகிறான். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், நீ தேடும் கொலைகாரன் நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஈடிபஸ் காதில் அது ஏறுவதில்லை. யொகாஸ்தாவின் சகோதரன் கிரியோனின் சதி என்று கத்துகிறான். லாயஸைக் கொன்றது ஒருவனல்ல, கொள்ளைக் கூட்டம் என்று கிரியோன் சொன்ன அடுத்த நொடியே, 'ஒரு கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு துணிச்சல் எப்படி வந்தது' என்று ஒருமையில் கேட்கிறான் ஈடிபஸ். என் மகன் தகப்பனைக் கொல்வான் என்று வாக்கு வந்தது என யொகாஸ்தா சொல்கிறாள். நான் தகப்பனைக் கொன்று தாயை மணப்பேன் என்று எனக்கு வாக்கு வந்தது என அதே காட்சியில் அவன் சொல்கிறான். இரண்டு பேரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. லாயஸ் பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்கிறான். உருவத்தில் உங்களிடமிருந்து அதிகம் மாறுபட்டவர் இல்லை என்கிறாள். அதற்கும் யாரும் நின்று யோசிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது டெல்ஃபி விஷயம். குடிபோதையில் ஒருவன், நீ பாலிபஸின் பிள்ளையே இல்லை என்று சொன்னதால்தான் ஈடிபஸ் டெல்ஃபிக்குக் குறி கேட்கப் போகிறான். கேட்கப் போன கேள்வி: என் பெற்றோர் யார்? அதற்கு அங்கே குறி சொல்லும் கடவுள் அப்பொல்லோ பதிலே சொல்வதில்லை. தகப்பனைக் கொல்வாய் என்கிறான். ஈடிபஸ் தன் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, பாலிபஸ்தான் அப்பா என்று முடிவுகட்டிக் கொரிந்துக்குப் போகாமல் ஓடுகிறான்!

பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1719-இல் இதையெல்லாம் சோஃபக்ளீஸின் ஓட்டைகளாக எண்ணினார். இத்தனை குறிப்புகள் கிடைத்தும் ஒரு புத்திசாலிக்குப் புரியாமல் இருக்குமா என்று. புரிந்துகொள்ள மறுக்கும் மனம் எப்படிப் பேசும் என்பதை நீ தினமும் கேட்டிருப்பாய். அந்தக் காதோடு படித்தால் வோல்தேரின் ஓட்டைகள் எல்லாம் நாடகத்தின் உயிர்நாடியாக மாறுகின்றன. யொகாஸ்தா அவனுக்கு முன்பே புரிந்துகொண்டு, உயிர்மேல் உனக்கு அக்கறை இருந்தால் தேடாதே என்று கெஞ்சுவதும், கடைசியில் கிழட்டு இடையன் 'பயங்கரத்தின் விளிம்பில் நிற்கிறேன், சொல்ல வேண்டுமா' என்று நடுங்கும்போது 'நானும் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்' என்று இவன் சொல்வதும் அந்த வெளிச்சத்தில் இன்னும் கனமாகின்றன. ஈடிபஸுக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கற்பனை செய்து ஒட்டவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எலெக்ட்ராவைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஃப்ராய்டின் சகாவாக இருந்த யுங், மகளுக்குத் தந்தை மேல் வரும் பிரியத்துக்கு 1913-இல் அந்தப் பெயரை எடுத்தாண்டார், ஃப்ராய்டுக்கு அது பிடிக்கவில்லை. எந்த எலெக்ட்ரா என்பதே என் கேள்வி. எஸ்கிலஸின் எலெக்ட்ரா நாடகத்தின் பாதியிலேயே மேடையை விட்டுப் போய்விடுகிறாள். யூரிப்பிடீஸின் எலெக்ட்ரா ஒரு ஏழைக் குடியானவனுக்கு வாழ்க்கைப்பட்டு, தாயைக் கொல்லும்போது தம்பியோடு தானும் வாளைப் பிடிக்கிறாள். ஒரு சிக்கலுக்குள் இவர்களை அடைக்க முடியாது. விட்டுவிடுவோம்.

'பாக்கே'க்கு வருகிறேன். யூரிப்பிடீஸ் இறந்த பிறகு மேடையேறிப் பரிசு வென்ற நாடகம். தீப்ஸின் இளம் அரசன் பென்தியஸ், புதிதாக வந்த, மதுவின் கடவுளான டயோனைசஸின் வழிபாட்டை அடக்கியே தீருவேன் என்று நிற்கிறான். ஊர்ப் பெண்கள், அவன் தாய் அகாவே உட்பட, மலையில் இருக்கிறார்கள். அங்கே காமக் களியாட்டம் நடக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான், பார்த்தவர்கள் அப்படி இல்லை என்று சொல்லியும். 'என் ஆயுதங்களைக் கொண்டுவாருங்கள், நீ வாயை மூடு' என்று சிறையிலிருந்து வெளியேறி வந்து நிற்கும் அந்நியனிடம் உறுமுகிறான். அந்நியன் உருவில் வந்திருக்கும் கடவுள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: மலையில் அவர்கள் கூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசையா? உடனே பதில் வருகிறது: ரொம்ப ஆசை, எவ்வளவு பொன் வேண்டுமானாலும் கொடுப்பேன். அந்த நொடியில் அவன் உடைகிறான். அடுத்த காட்சியில் பெண் உடையில் வருகிறான். சூரியன் இரண்டாகத் தெரிகிறது, தீப்ஸ் இரண்டாகத் தெரிகிறது. நிற்கிற தோரணை அம்மா மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறான். உன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தாயின் கைகளில் வருவாய் என்று கடவுள் சொல்ல, என்னைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கப் பார்க்கிறாய் என்று மகிழ்கிறான். பிறகு மலையில், தலைப்பாகையைக் கழற்றி எறிந்து, அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, 'அம்மா, நான் உன் பிள்ளை பென்தியஸ்' என்று கெஞ்சுகிறான். அவள் வாயில் நுரை. அவளே அவனைக் கிழிக்கிறாள்.

இங்கே நான் எதையும் சேர்க்கவில்லை பார். வெறுப்புக்குக் கீழே ஆசை இருப்பதும், அது ஒரு கேள்வியில் வெளியே கொட்டுவதும், தாயின் கைக்குக் குழந்தையாகத் திரும்பும் ஏக்கமும் யூரிப்பிடீஸ் எழுதிய வரிகளிலேயே இருக்கின்றன. ஈ.ஆர். டாட்ஸை எடுத்துக்கொள். 1966-இல் எழுதிய கட்டுரையில், ஈடிபஸைப் பற்றி நாடகத்தில் இல்லாததைக் கற்பிக்கக் கூடாது என்று கறாராகச் சொன்ன அறிஞர் அவர். அவரே 'பாக்கே'க்கு உரை எழுதும்போது பென்தியஸிடம் அருவருப்பும் அவனே அறியாத ஆசையும் கலந்திருப்பதைத் தயங்காமல் சொல்கிறார். அதில் முரண்பாடு இல்லை. ஒரு நாடகம் அதை மேடையில் வைத்திருக்கிறது, இன்னொன்று வைக்கவில்லை.

மகனின் தலையைச் சிங்கத்தலை என்று நினைத்துத் தடியில் குத்திக்கொண்டு வரும் அகாவேயை அவள் தந்தை காட்மஸ் தெளியவைக்கும் இடம் உனக்காகவே எழுதியது போல இருக்கிறது. முதலில் வானத்தைப் பார் என்கிறார். முன்பு போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா? முன்னைவிடப் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது என்கிறாள். மனதில் அந்தப் படபடப்பு இன்னும் இருக்கிறதா? நீ யார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாய்? உனக்குப் பிறந்த பிள்ளை யார்? பென்தியஸ். சரி, கையில் இருப்பது யார் தலை? சிங்கத்தின் தலை, வேட்டையாடிய பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். நன்றாகப் பார், பார்ப்பது கஷ்டம் இல்லை. மானுடவியலும் உளப்பகுப்பாய்வும் கற்ற ஜார்ஜ் டெவரோ 1970-இல் இந்தக் காட்சியை ஒரு மனநல சிகிச்சையாகவே எடுத்துக்கொண்டு வரி வரியாக ஆராய்ந்தார். அவர் சொன்னதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

எனக்கு இதில் உன் கருத்து வேண்டும். வானத்தில் தொடங்கி, மனநிலை, கல்யாணம், பிள்ளை, கடைசியில் கை என்று காட்மஸ் போகும் வரிசை சரிதானா? மயக்கத்திலோ பிரமையிலோ இருப்பவரிடம் நீயும் இப்படித்தான் தூரத்திலிருந்து தொடங்குவாயா? சட்டென்று கையில் இருப்பதைக் காட்டினால் என்ன ஆகும்? உன் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக எழுது. இந்தக் காட்சியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதலாம் என்றிருக்கிறேன். நீ சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

ஆடி அமாவாசைக்கு அண்ணன் வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் ரெண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டும். அவரும் விசாரித்தார் என்று எழுதச் சொன்னார்.

அன்புடன்,
தேன்மொழி