முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் எழுதும் மடல்

சிங்கப்பூரில் தமிழ் மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றும் அருட்தந்தையர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

என் அப்பாவின் அடக்கத் திருப்பலியில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். நன்மை (நற்கருணை) வாங்க எல்லோரும் எழும்போது முழங்காலை ஒடுக்கி வழிவிட்டால் போதும், யார் கண்ணிலும் படமாட்டேன். அன்று அப்படி ஒளிய முடியவில்லை. மூத்த மகள் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? அம்மா எழுந்தார். தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், எட்டு வயதான என் மகள் என எல்லோரும் போனார்கள். நீளமான அந்தப் பெஞ்சில் நானும் என் கணவரும் மட்டும் மிஞ்சினோம். கோயில் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால். வாங்கிவிட்டுத் திரும்பிய அத்தை குனிந்து, "ஏம்மா, அப்பாவுக்காகக்கூட வாங்கக்கூடாதா?" என்று கேட்டார்.

மண்டாய் தகனச் சாலைக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மணவிலக்குக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்ட நான் நன்மை வாங்கவே கூடாதா? அதைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

என் கதை சிறியது. இருபத்து நான்கு வயதில் பீடத்துக்கு முன்னால் திருமணம் செய்துகொண்டேன். ஆறு வருடம் கழித்து அவர் வேறொருவரோடு போய்விட்டார். மணவிலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனவரும் அவரே. நான்கு வருடம் தனியாக இருந்தேன். பிறகு மனைவியை நோயில் இழந்த ஒரு நல்ல மனிதரைச் சந்தித்தேன். அவரும் கத்தோலிக்கர், மறுமணம் செய்ய அவருக்கு எந்தத் தடையும் இல்லை. என் முதல் திருமணம் இன்னும் நிலைத்திருப்பதாகவே திருச்சபை கொள்வதால் எனக்குத் தடை இருந்தது. அதனால் திருமணப் பதிவகத்தில் கையெழுத்திட்டோம். அன்றிலிருந்து பதினோரு வருடமாக அவரும் நன்மை வாங்குவதில்லை. என்னைக் கட்டியதால் அவரும் பட்டினி. இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பூசைக்கு முன்னால் ஒவ்வொரு ஞாயிறும் மகளின் சட்டையை இஸ்திரி போடுவது அவர்தான்.

என் முதல் கணவரோடு இருந்தவரும் பின்னால் பிரிந்துவிட்டாராம். இப்போது என் முதல் கணவர் தனியாக இருக்கிறார், பாவசங்கீர்த்தனம் செய்து ஞாயிறுதோறும் நன்மை வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். வாங்கட்டும். அவர் மனம் திரும்பியிருந்தால் உண்மையாகவே சந்தோஷம். ஆனால் தந்தையரே, விட்டுப் போனவருக்குப் பந்தியில் இலை போட்டிருக்கிறது, விடப்பட்டவளுக்கு இல்லை. இதை எப்படி என் மனதுக்கு விளங்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திருமணம் செல்லாது என்று அறிவிக்கத் திருச்சபைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். அதையும் விசாரித்தேன். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நடைமுறையை எளிதாக்கினார், முதல் தீர்ப்பை இன்னொரு தீர்ப்பாயமும் உறுதி செய்தாக வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்டார் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். செல்லாது என்று அறிவித்தாலும் பிள்ளைகளின் பிறப்புக்கு எந்தக் குறையும் வராது என்பதும் தெரியும். ஆனால் அங்கே கேட்கிற அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: திருமண நாளன்று ஏதாவது குறைந்திருந்ததா? கட்டாயப்படுத்தினார்களா, புரியாமல் சம்மதித்தாயா, உண்மையாயிருக்கும் எண்ணம் இல்லாமல் இருந்ததா? இரவெல்லாம் யோசித்தேன். எதுவும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் முழு மனதோடுதான் சம்மதம் சொன்னேன். அவரும் அன்று அப்படித்தான் சொன்னார் என்று நம்புகிறேன். அது உண்மையான திருமணம். பிறகு உடைந்தது. செல்லாதது என்று எழுதிக் கையெழுத்திட என் கை வரவில்லை. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். பொய் சொல்லாததால் பந்திக்கு வெளியே நிற்கிறேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு மூன்று தந்தையர்களிடம் போனேன். யார், எந்தப் பங்கு என்பதெல்லாம் வேண்டாம். மூவரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

முதலாமவர், தாம்பத்திய உறவின்றிச் சகோதர சகோதரியாக வாழ்வதாக வாக்குக் கொடுத்தால் வாங்கலாம் என்றார். அது அவராகச் சொன்னது இல்லை. 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதிய ஊக்கவுரை மடலில் இருப்பதுதான். அந்த வழியில் வாழ்கிறவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் என் மகள் இந்த அன்பில் பிறந்தவள். அந்த அன்பைப் பாவமென்று அறிக்கையிட்டு, இனி செய்யமாட்டேன் என்று மனஸ்தாபப்பட வேண்டுமென்றால், அவள் பிறந்ததற்கும் சேர்த்தா மனஸ்தாபப்படுவது? என்னால் முடியவில்லை.

இரண்டாமவர், புதிதாகத் திருமறை கற்பவர்களோடு வரிசையில் வந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சில மாதம் அப்படிப் போனேன். நெற்றியில் அந்தக் கை பட்டது எனக்கு ஆறுதலாகவே இருந்தது, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் திருமுழுக்குப் பெறாத அவர்கள் அடுத்த பாஸ்காவில் (உயிர்ப்புப் பெருவிழாவில்) திருமுழுக்குப் பெற்று நன்மையும் வாங்கிவிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு பாஸ்கா குறித்து வைக்கப்படவில்லை.

மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "உன் மனசாட்சி சரியென்றால் வாங்கிக்கொள்ளம்மா, யாரிடமும் சொல்லாதே" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் மூன்று பதில்களிலும் என்னை அதிகம் காயப்படுத்தியது இதுதான். சரியென்றால் ஏன் ஒளித்து வாங்க வேண்டும்? தவறென்றால் ஏன் கொடுக்க வேண்டும்? எந்தத் தந்தையிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தா ஆண்டவரின் உடல் ஒருத்திக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும்?

2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'அன்பின் மகிழ்வு' என்ற ஊக்கவுரை மடலின் 8ஆம் அதிகாரத்தை அதன் பிறகுதான் நானே தேடிப் படித்தேன். எல்லாச் சூழலும் ஒன்றல்ல, கைவிடப்பட்டவரின் நிலை வேறு, ஒவ்வொருவரையும் மேய்ப்பர் துணைநின்று வழிநடத்தித் தெளிந்து முடிவெடுக்க உதவ வேண்டும் என்கிறது. 351ஆம் அடிக்குறிப்பில், சில சூழல்களில் நற்கருணை, ஒப்புரவு போன்ற அருளடையாளங்களின் உதவியும் இதில் அடங்கலாம் என்று இருக்கிறது. நற்கருணை நிறைவானவர்களுக்குக் கொடுக்கும் பரிசு இல்லை, நலிந்தவர்களுக்கான மருந்தும் உணவும் என்று 2013இலேயே எழுதியதை அங்கே திரும்பவும் நினைவுபடுத்துகிறார். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் பகுதி ஆயர்கள் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று வகுத்தபோது, இதற்கு வேறு விளக்கம் இல்லை என்று அவரே பதில் எழுதினார். அந்தப் பதில் வத்திக்கானின் அதிகாரபூர்வ ஆவணத் தொகுப்பிலும் ஏறியிருக்கிறது. இதை ஏற்காத கர்தினால்கள் இருந்ததும், கேள்வி எழுப்பியதும் எனக்குத் தெரியும். ஆனால் என் வாழ்வைப் பற்றிய அந்த அதிகாரத்தை ஒரு மறையுரையில்கூட நான் கேட்டதில்லை.

ஆண்டவரின் வாக்கைத் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மணவிலக்குச் செய்து மறுமணம் செய்வது விபசாரம் என்று ஆண்டவர் சொல்லும் மாற்கு 10ஆம் அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிறு எனக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் எனக்கென்றே விழும். தகுதியற்ற நிலையில் உண்பவரைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் பயத்தோடுதான் வாசிக்கிறேன். ஆனால் பவுலின் அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால் அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று பாருங்கள். சிலர் வயிறுமுட்ட உண்ண, சிலர் பசியோடு இருந்ததற்கு.

நற்கருணை விதிகள் நம் குடும்பங்களின் நினைவிலேயே மாறியிருக்கின்றன. என் பாட்டி நடுநிசிக்குப் பிறகு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூசைக்குப் போனவர். இன்று ஒரு மணி நேர நோன்பு போதும். பத்துப் பன்னிரண்டு வயதுவரை காத்திருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதிலேயே கொடுக்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வழிவிட்டார். அதனால்தான் என் மகள் போன வருடம் புதுநன்மை வாங்கினாள். இவை ஒழுங்குமுறைகள், திருமணம் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலுக்குள் ஆளைப் பிரித்து உட்கார வைத்த வரலாறும் நம் தமிழ்ச் சபைக்கு உண்டு. வடக்கன்குளத்தில் அதற்கென்று சுவரே இருந்தது. யார் எங்கே உட்காரலாம் என்பதில் நாம் ஒருமுறை எவ்வளவு தவறினோம் என்பது நினைவில் இருந்தால், இன்று பெஞ்சில் மிஞ்சுகிறவர்களைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் தயக்கம் வரும்.

2020 பிப்ரவரி 15 முதல் தொற்றுக்காக இங்கே பொதுத் திருப்பலிகள் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? நம் மக்கள் எப்படித் தவித்தார்கள்! திரையில் பூசை பார்த்து, ஆன்மீக நற்கருணைச் செபம் சொல்லி, அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அழுதார். அந்தச் சில மாதங்கள்தான் இந்தப் பதினோரு வருடத்தில் நான் என் குடும்பத்தோடு ஒரே நிலையில் இருந்த காலம். கோயில் திறந்ததும் அவர்கள் பசி தீர்ந்தது.

2024 செப்டம்பர் 12 அன்று தேசிய விளையாட்டரங்கில் திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றியபோது நாங்கள் மூவரும் மேல் அடுக்கில் இருந்தோம். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். நற்கருணை கொடுப்பவர் எங்கள் வரிசைக்கு மிக அருகில் நின்றார். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கை நீட்டியிருந்தால் கிடைத்திருக்கும். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்து மறுத்தேன். உட்கார்ந்தே இருந்தோம். நன்மை கொடுக்கக்கூடாதவர்களாக, பிடிவாதமாகப் பாவத்தில் நிலைத்திருப்போர் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 915ஆம் சட்டம் சொல்கிற கூட்டத்தில்தான் நானும் வருகிறேனாம். அன்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவளிடம் எந்தப் பிடிவாதம் இருந்தது என்று சொல்லுங்கள், தந்தையரே.

நான் கேட்பது இதுதான். தவக்காலத்துக்கு முன்னால் ஒரு மாலைப்பொழுதை எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்குங்கள். நாங்கள் ஒருவர் இருவர் இல்லை, கடைசி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். அந்த 8ஆம் அதிகாரத்தைத் தமிழில் எங்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவர் கதையையும் தனியாகக் கேளுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் வருகிறோம். கடைசியில் எனக்கு முடியாது என்றுதான் பதில் என்றால், அதை நீங்கள் எல்லோரும் ஒரே குரலில், காரணத்தோடு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முடியும் என்றால் அதையும் தாழ்ந்த குரலில் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இன்னொரு முறை நான் முதல் வரிசையில் உட்கார வேண்டிய நாள் வரும். அதற்குள் பதில் தாருங்கள்.

ஆண்டவரின் அன்பில்,
உங்கள் பங்கு மகள் ஒருத்தி
சிங்கப்பூர்